டிரெட்மில் அலுப்புக்கு எது சரிப்பட்டு வரும்: பாட்டா, சீரிஸா, கதையா, கணக்கா?

கார்டியோ மெஷினில் உடம்பு களைப்பதற்கு முன்னாலேயே மனசு களைத்துவிடுகிறது. கால் வலிக்காது, மூச்சு வாங்காது, ஆனாலும் இறங்கிவிடலாமா என்று இருக்கும். கண்ணுக்கு நேரே ஓடும் கடிகாரம் வேறு. கால் மணி நேரம் போயிருக்கும் என்று நினைத்துப் பார்த்தால் 6:40 என்று காட்டும். தெருவில் நடக்கும்போது இந்தத் தொல்லை இல்லை. ஒரு பள்ளம் வரும், ஒரு நாய் முறைக்கும், தெரிந்தவர் எதிரே வந்து "என்ன இந்தப் பக்கம்?" என்பார். ஜிம்மில் எதிரே இருப்பது சுவர் அல்லது நம் முகமே தெரியும் கண்ணாடி.

பாவம், மெஷினின் பூர்வீகமே அப்படி. 1818-ல் வில்லியம் க்யூபிட் என்ற இங்கிலாந்து இன்ஜினியர் சிறைக் கைதிகளுக்காக வடிவமைத்த மிதிசக்கரம்தான் டிரெட்மில்லுக்கு மூதாதை. பெரிய உருளை, அதில் படிகள். கைதி மேலே மேலே ஏறிக்கொண்டே இருக்கவேண்டும், ஆனால் எங்கேயும் போய்ச் சேரமாட்டார். நியூயார்க் சிறையில் அதன் பயனைப் பற்றி 1824-ல் எழுதிய ஜேம்ஸ் ஹார்டி, கைதிகளை மிரட்டியது அதன் கடுமையைவிட அதன் மாறாத ஒரே சீரான ஓட்டம்தான் என்று குறித்துவைத்திருக்கிறார். இன்று அதற்கு நாம் மாதாமாதம் ஃபீஸ் கட்டுகிறோம்.

அலுப்புக்கு ஆளாளுக்கு ஒரு வைத்தியம் சொல்வார்கள். பிரித்துப் பார்த்தால் எல்லாம் இரண்டு கட்சிக்குள் அடங்கிவிடும். ஒன்று, கவனத்தை மெஷினிலிருந்து திருப்பிவிடுவது: பாட்டு, சீரிஸ், கதை. இன்னொன்று, கவனத்தை மெஷினிலேயே கட்டிப்போடுவது: கடுமையும் லேசும் மாறி மாறி வரும் இன்டர்வல், தூரக் கணக்கு, ஆன்லைன் பந்தயம். எந்தக் கட்சி நல்லது என்பதைவிட, எந்த வேகத்துக்கு, எந்த மெஷினுக்கு எது என்று கேட்பதுதான் உதவும். பக்கத்து சைக்கிள்காரருக்குப் பலித்தது டிரெட்மில்லில் ஓடுபவருக்குப் பலிக்காமல் போவது இதனால்தான்.

பாட்டு

எல்லோரும் முதலில் எடுப்பது இதைத்தான், தப்பே இல்லை. லண்டன் ப்ரூனெல் பல்கலைக்கழகத்தில் காஸ்டாஸ் கராஜியார்கிஸ் என்ற உளவியலாளர் உடற்பயிற்சிக்கும் இசைக்கும் உள்ள தொடர்பைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்துவருகிறார். மிதமான வேகத்தில் பாட்டு கேட்டால் அதே வேலை கொஞ்சம் லேசாகத் தெரிகிறது என்பதும், வேகம் நன்றாக ஏறிவிட்டால் அந்தச் சலுகை தேய்ந்துபோகிறது என்பதும் அந்த ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரியவந்தவை. மூச்சு முட்டும்போது உடம்பின் கூச்சல்தான் காதில் விழும், பாட்டு விழாது. நிமிடத்துக்கு 120 முதல் 140 தட்டு உள்ள பாட்டுகள் இதற்குத் தோது என்கிறார்கள். வேகமாக நடப்பவரின் காலடியும் கிட்டத்தட்ட அந்தக் கணக்கில்தான் விழும்.

நம் சினிமாப் பாட்டில் ஒரு வசதி இருக்கிறது. பல்லவி, இடையிசை, சரணம், மறுபடி பல்லவி என்று அதுவே பாகம் பிரித்துத் தருகிறது. சரணம் தொடங்கியதும் வேகத்தை மணிக்கு 5.5 கிலோமீட்டரிலிருந்து 6.5-க்கு ஏற்றி, பல்லவிக்குத் திரும்பியதும் இறக்கினால், நாலரை நிமிடப் பாட்டில் இரண்டு ஏற்றம் வந்துவிடும். அடுத்த சரணம் எப்போது என்று காது காத்திருப்பதால் கடிகாரத்தைப் பார்க்கத் தோன்றாது. குத்துப்பாட்டைவிட, நீளமான இடையிசை உள்ள பாட்டுகள் இந்த விளையாட்டுக்கு நன்றாக வருகின்றன.

பாட்டின் பலவீனம், அது சீக்கிரம் பழகிவிடுவது. ஒரே வரிசையை இரண்டு வாரம் கேட்டால் போதும், 'இந்தப் பாட்டு வந்தால் பன்னிரண்டு நிமிடம்' என்று மனசு மனப்பாடம் செய்துவிடும். அப்புறம் பாட்டே கடிகாரம்தான். வரிசையைக் கலைத்துப் போடும் பட்டன் அதற்குத்தான் இருக்கிறது. ஜிம் ஸ்பீக்கரில் மாஸ்டர் வைக்கும் பாட்டு வேறு, நம் காதில் ஓடும் பாட்டு வேறு என்ற நிலைமைக்கு மட்டும் மருந்து இல்லை.

சீரிஸும் கிரிக்கெட்டும்

நேரத்தை விழுங்குவதில் இதை அடிக்க ஆள் இல்லை. நாற்பது நிமிட எபிசோடு முடிந்தால் நாற்பது நிமிடக் கார்டியோ முடிந்தது. ஆனால் எந்த மெஷினில் என்று பார்க்கவேண்டும். சைக்கிளுக்கு இது அளவெடுத்துத் தைத்த சட்டை. தலை ஆடாது, கண் நிலைக்கும், சாய்ந்து மிதிக்கும் சைக்கிள் என்றால் இன்னும் சௌகரியம். நின்றபடி கையையும் காலையும் சேர்த்து ஆட்டும் கிராஸ் டிரெய்னரில் பரவாயில்லை. டிரெட்மில்லில் நடக்கலாம், ஓடத் தொடங்கினால் சப்டைட்டிலைப் படிக்க முடியாது. தலை குனிந்தே இருப்பதால் கழுத்தும் பிடித்துக்கொள்ளும். போனை மெஷின் பலகையில் சாய்த்துவைத்தால் பல மெஷின்களில் ஸ்டாப் பட்டன் அதன் பின்னால் ஒளிந்துவிடும். தடுமாறினால் மெஷினை நிறுத்திவிடும் சிவப்புக் கயிற்றுக் க்ளிப்பை யாரும் சட்டையில் மாட்டுவதில்லை. படம் பார்த்துக்கொண்டே நடப்பவராவது மாட்டிக்கொள்ளலாம். துடுப்புப் போடுவதுபோல் இழுக்கும் ரோயிங் மெஷினில் படம் வேலைக்கே ஆகாது. சீட் முன்னும் பின்னும் ஓடும்போது திரை கிட்டே வந்து தூரப் போகும், ஒயர் இயர்போன் கைப்பிடியில் மாட்டும்.

சீரிஸின் உண்மையான சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. கதை சூடுபிடித்தால் கால் ஆறிப்போகும். சைக்கிள் திரையில் 80 என்றிருந்த ஆர்.பி.எம்., அதாவது நிமிடத்துக்கு எத்தனை மிதிசுற்று என்ற எண், அழுகைக் காட்சி வந்ததும் 55-க்கு வந்து நிற்பதை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். சும்மா இருப்பதைவிட இது மேல்தான். ஆனால் அலுப்பைப் போக்குகிறேன் என்று பயிற்சியையே போக்கிவிடக் கூடாது.

கிரிக்கெட் இதில் தனி ரகம். டி20-ல் இருபது ஓவர் முடிய ஒன்றரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடக் குறைய ஆகும். ஓவருக்கு நாலு நிமிடத்துக்கு மேல். ஒரு ஓவர் வேகம், அடுத்த ஓவர் நிதானம் என்று வைத்துக்கொண்டால் பவர்பிளே ஆறு ஓவருக்குள் அரை மணி நேரத்தை நெருங்கிவிடலாம். விக்கெட் விழுந்தால் தண்ணீர் குடிக்க இடைவேளை. நம் ஆள் சிக்ஸ் அடித்தால் வேகம் தானாகக் கூடும், அதற்கு யாரும் சொல்லவேண்டியதில்லை.

கதை கேட்பது

பாட்டுக்கும் படத்துக்கும் நடுவில் இருப்பது ஒலிநூலும் பாட்காஸ்டும். மெஷினில் நேரம் போக்குவதைவிட, மெஷினுக்கு நம்மை வரவழைப்பதில்தான் இவை கெட்டி. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் கேட்டி மில்க்மனும் கூட்டாளிகளும் 2014-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதைச் சோதித்தது. கீழே வைக்க மனம் வராத நாவல்களை ஒலிவடிவில் கொடுத்து, ஜிம்முக்கு வந்தால் மட்டும்தான் கேட்கலாம் என்று ஒரு குழுவுக்கு நிபந்தனை போட்டார்கள். ஆரம்பத்தில் அவர்கள் மற்றவர்களைவிட 51 சதவீதம் அதிகமாக ஜிம்முக்கு வந்தார்கள். 'ஜிம்மில் மட்டும் கேளுங்கள்' என்று சொல்லி, பூட்டை அவரவர் கையிலேயே கொடுத்த இன்னொரு குழு 29 சதவீதம் அதிகம். நாளாக ஆக இரண்டும் மங்கின. குறிப்பாக தேங்க்ஸ்கிவிங் விடுமுறைக்குப் பிறகு. நமக்குப் பொங்கலும் தீபாவளியும் இதையேதான் செய்கின்றன.

ஆகவே வீட்டிலிருந்து கிளம்புவதே பெரும்பாடு என்பவருக்கு என் ஓட்டு கதைக்குத்தான். தொடர்கதையாக, ஒவ்வொரு அத்தியாயமும் சஸ்பென்ஸில் முடிவதாக இருக்கவேண்டும். வீட்டில் கேட்பதில்லை என்ற விரதத்தையும் காப்பாற்றவேண்டும். பேச்சில் தாளம் கிடையாது என்பதால் கால் தன் போக்கில் போகும். நிதானமான நடைக்கு அது போதும். வேகமாக மூச்சு வாங்கினால் பாதி வாக்கியம் கைவிட்டுப் போகும், கொலையாளி யார் என்பதைத் தவறவிட்டு ரீவைண்ட் செய்ய நேரும்.

கணக்கு விளையாட்டு

இனி எதிர்க்கட்சி. இதற்கு இயர்போன் வேண்டாம், டேட்டா வேண்டாம். அரை மணி நேரத்தைச் சின்னச் சின்னத் துண்டாக வெட்டிவிட்டால் அலுப்பு உள்ளே வர இடம் இல்லை என்பதுதான் இதன் சூத்திரம்.

நார்வேயின் ட்ரான்ட்ஹைம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பிரபலமாக்கிய 4×4 முறை இதில் என் முதல் தேர்வு. பத்து நிமிடம் வார்ம்-அப். அப்புறம் நாலு நிமிடம் கடுமை, மூன்று நிமிடம் லேசு. இப்படிக் கடுமை நாலு முறை. கடைசியில் ஐந்து நிமிடம் ஆறவிட்டால் மொத்தம் 40. கடுமை என்றால் உச்ச இதயத்துடிப்பில் 85 முதல் 95 சதவீதம். 220-ல் வயதைக் கழிக்கும் தோராயக் கணக்கில் நாற்பது வயதுக்காரருக்கு அது 153 முதல் 171. இதயக் கோளாறோ ரத்தஅழுத்தமோ உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் இதில் இறங்கக் கூடாது. அலுப்பைப் பொறுத்தவரை இதன் அழகு, எந்த நேரத்திலும் நாலு நிமிடத்துக்கு மேல் யோசிக்கவேண்டியதில்லை. மூன்றாவது சுற்றில் மனசு என்னென்னவோ சொல்லும், 'போரடிக்கிறது' என்று மட்டும் சொல்லாது.

டபாட்டாவை எல்லா மெஷினிலும் செய்யச் சொல்கிறார்கள். ஜப்பானின் இஸுமி டபாட்டா 1996-ல் வெளியிட்ட ஆய்வு நடந்தது சைக்கிளில். இருபது விநாடி முழுவேகம், பத்து விநாடி ஓய்வு. டிரெட்மில் பெல்ட் வேகம் ஏறி இறங்குவதற்கே சில விநாடிகள் எடுத்துக்கொள்ளும். பட்டனை அழுத்திக்கொண்டே இருபது விநாடி போய்விடும். சைக்கிளில் செய்யலாம், டிரெட்மில்லில் வேண்டாம்.

12-3-30-ஐயும் இந்தக் கட்சியில் சேர்க்கிறார்கள். 12 சதவீத ஏற்றம், மணிக்கு 3 மைல் அதாவது 4.8 கிலோமீட்டர், 30 நிமிடம். அமெரிக்க யூடியூபர் லாரன் ஜிரால்டோ சொன்னது, 2020-ல் டிக்டாக்கில் பற்றிக்கொண்டது. அரை மணியில் சுமார் 285 மீட்டர் ஏறிவிடுகிறோம். 83 மீட்டர் உயரத் திருச்சி மலைக்கோட்டையை மூன்று தடவைக்கு மேல். நல்ல பயிற்சி, சந்தேகமில்லை. ஆனால் அலுப்புக்கு மருந்து என்பதை ஒப்புக்கொள்ள முடியாது. அரை மணி நேரமும் அதே ஏற்றம், அதே வேகம். க்யூபிட்டே பார்த்திருந்தால் பாராட்டியிருப்பார். பாட்டோ கதையோ துணைக்கு இல்லாமல் தாங்காது. கைப்பிடியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு நடந்தால் ஏற்றத்தின் பலனும் பாதி போய்விடும். பல அபார்ட்மென்ட் ஜிம்களில் இருக்கும் சிறிய டிரெட்மில்லில் 12 வரை சாய்மானமே கிடையாது என்பது இன்னொரு விஷயம்.

ரோயிங் மெஷின் எண்களுக்காகவே பிறந்தது. அமெரிக்காவின் வெர்மான்ட்டில் இரண்டு சகோதரர்கள் 1981-ல் தொடங்கிவைத்த கான்செப்ட்2 மெஷினை எடுத்துக்கொள்ளுங்கள். காற்றாடி தரும் எதிர்ப்பு என்பதால் நாம் எவ்வளவு இழுக்கிறோமோ அவ்வளவு அது திருப்பி இழுக்கும். ஒவ்வொரு இழுப்புக்கும், இதே வேகத்தில் போனால் 500 மீட்டருக்கு எவ்வளவு நேரம் என்று திரை சொல்லும். 2:20, 2:18, 2:21. அடுத்த இழுப்பில் அந்த எண்ணை இரண்டு விநாடி இறக்க முடியுமா என்ற சூதாட்டத்தில் கதையும் பாட்டும் மறந்துபோகும். நிமிடத்துக்கு இருபது இழுப்புக்கு மேல் போகாமல் அதே எண்ணைப் பிடிப்பது அடுத்த சவால். முதுகை வளைக்காமல் இழுக்க மாஸ்டரிடம் ஒருமுறை கற்றுக்கொண்டு ஏறுங்கள்.

ஸ்விஃப்ட் மாதிரியான ஆன்லைன் பந்தயங்கள் இதே விளையாட்டின் பணக்கார வடிவம். நாம் மிதித்தால் திரையில் நம் பொம்மை வட்டோபியா என்ற கற்பனைத் தீவில் சைக்கிள் ஓட்டும், கூடவே உலகெங்கும் இருந்து ஆட்கள். 2020-ல் சர்வதேச சைக்கிள் சங்கம் இதில் உலகச் சாம்பியன் போட்டியே நடத்தியது. ஆண்கள் பிரிவில் ஜெயித்தவர் ஜேசன் ஆஸ்போர்ன் என்ற ஜெர்மன் துடுப்புப் படகு வீரர்! அலுப்பு தெரியாது என்பது உண்மை. ஆனால் சொந்த சைக்கிள், அதை மாட்டி மிதிக்க ஸ்மார்ட் ட்ரெய்னர் என்ற கருவி, மாதச் சந்தா, இன்டர்நெட் எல்லாம் வேண்டும். சாதாரண ஜிம் சைக்கிளில் அமர்ந்து மிதிப்பவருக்கு இது கைக்கெட்டாத கனி. யூடியூபில் வெளிநாட்டுத் தெருக்களில் நடக்கும் வீடியோக்கள் இதற்கு ஏழைகளின் மாற்று என்கிறார்கள். பத்து நிமிடம் நன்றாக இருக்கும், அப்புறம் அதுவும் ஒரு சுவர்.

மெஷினை மாற்றி மாற்றிப் பத்துப் பத்து நிமிடம் செய்வதும் நல்ல யோசனைதான், கூட்டமில்லாத நேரத்தில். மாலை ஏழு மணிக்கு இறங்கினால் திரும்ப ஏற மெஷின் கிடைக்காது.

கடைசியாக, காசு செலவில்லாத துணை: பக்கத்து மெஷினில் ஒரு நண்பர். அலுப்பு தெரியாததோடு வேகத்துக்கு அளவுகோலும் கிடைக்கும். பேச முடிகிறது, பாட முடியவில்லை என்றால் வேகம் மிதம். பாட முடிந்தால் இன்னும் கொஞ்சம் ஏற்றலாம். இரண்டு வார்த்தைக்கு ஒருமுறை மூச்சு இழுத்தால் கடுமைக்குள் போயாயிற்று. ஒரே குறை, அவர் வராத நாளில் நமக்கும் கிளம்ப மனம் வராது. அந்த நாளுக்கு ஒரு தொடர்கதை கையிருப்பில் இருக்கட்டும்.