ஒரே சட்டம், இரண்டு கல்லா

சென்னையிலிருந்து வந்திருந்த மைத்துனருக்கு சிங்கப்பூரில் உள்ள இரண்டு கேசினோக்களில், அதாவது சூதாட்டக் கூடங்களில், ஒன்றையாவது பார்த்துவிட வேண்டும். கடப்பிதழைக் காட்டினார், காசு கொடுக்காமல் உள்ளே போனார். சிங்கப்பூர்க் குடிமகனான எனக்கு 24 மணி நேரத்துக்கு 150 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) நுழைவுக் கட்டணம். அந்தக் காசுக்குத் தேக்கா சந்தையில் நல்ல மீனாகவே வாங்கலாம் என்று வெளியிலேயே நின்றேன். திரும்பி வந்தவர் கேட்டார்: "ஏன் மச்சான், இன்னொன்றிலும் இதே கூட்டம்தானா?"

கூட்டத்தை விடுங்கள், கல்லாவைப் பார்ப்போம். மரினா பே சேண்ட்ஸ், ரிசார்ட்ஸ் வோர்ல்ட் செந்தோசா இரண்டும் 2010இல் திறந்தவை. வரி, நுழைவுக் கட்டணம் எல்லாம் இரண்டுக்கும் ஒன்றே. 2030 முடியும்வரை மூன்றாவது கேசினோ கிடையாது என்ற உறுதியும் இரண்டுக்கும் உண்டு. ஆகவே வித்தியாசத்துக்கு அரசாங்கத்தின்மேல் பழி போட முடியாது.

வித்தியாசமோ பெரியது. 2024இல் மரினா பே சேண்ட்ஸின் வருவாய் 4.23 பில்லியன் அமெரிக்க டாலர், அதாவது நம் காசில் ஐந்தரை பில்லியன் வெள்ளிக்கும் மேல். செந்தோசாவை நடத்தும் கெந்திங் சிங்கப்பூருக்கு சுமார் 2.53 பில்லியன் வெள்ளி. அறை வாடகை, கடைகள், யுனிவர்சல் ஸ்டூடியோஸ் எல்லாம் சேர்ந்த கணக்குதான் இவை. கெந்திங்கின் வருவாய் முந்தைய ஆண்டைவிடக் கொஞ்சம் கூடியும் நிகர லாபம் குறைந்தது. இங்கே ஓய்வுபெற்ற பலர் கையில் அந்தப் பங்கு இருப்பதால் காப்பிக் கடையில் இதைப் பற்றிப் புலம்பலுக்குப் பஞ்சமில்லை.

எனக்குத் தெரிந்தவரை முதல் காரணம் சீட்டு மேசை இல்லை, படுக்கையறை. மரினா பே சேண்ட்ஸ் 1.75 பில்லியன் அமெரிக்க டாலர் செலவழித்து அறைகளைப் புதுப்பித்தது. 2,500க்கும் மேல் இருந்த அறைகள் சுமார் 1,850 ஆகக் குறைந்தன. அதற்குப் பதிலாகப் பெரிய சொகுசு அறைகள் பெருகின. பெரிய ஆட்டக்காரரைத் தங்க வைக்க இடம் இருந்தால்தானே அவர் மேசைக்கு வருவார்! 2024 பிப்ரவரியில் சீனாவுடன் விசா விலக்கு வந்தபோது அந்த அறைகளில் பெரும்பகுதி தயாராக இருந்தது. செந்தோசாவிலோ அப்போது இடிப்பும் கட்டுமானமும்தான்.

அப்புறம், பக்கப் பந்தயம். பேக்கரட் என்ற சீட்டாட்டத்தில் 'பேங்கர்' பக்கம் கட்டினால், கட்டும் பணத்தில் சராசரியாகக் கூடத்துக்குக் கிடைக்கும் அனுகூலம் ஏறக்குறைய 1.06 சதவீதம். இரு பக்கமும் சமனானால் ஒன்றுக்கு எட்டு தரும் 'டை'யில் அது 14 சதவீதத்தையும் தாண்டும். என் மைத்துனர் எதில் கட்டினார் என்று தனியே சொல்ல வேண்டுமா? 80 வெள்ளி போனது. இப்படிச் சிறு ஆட்டக்காரர்களிடமிருந்து வருவது நிதானமான வரவு. சில பெரும்புள்ளிகளை நம்பினால், அவர்களுக்கு அதிர்ஷ்டம் அடிக்கும் காலாண்டில் கல்லா வாடிவிடும். கடன் கொடுத்து ஆட வைத்தாலோ வசூல் கவலை வேறு. செந்தோசா அந்த வாராக்கடன் பாடத்தை 2014, 2015இல் படித்தது.

அந்தப் பாடத்தின் பெரிய பதிப்பு, சீனாவின் சூதாட்ட நகரமான மக்காவ். 2013இல் அங்கே சூதாட்ட வருவாய் 360 பில்லியன் பட்டாக்கா (மக்காவ் நாணயம்). அதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு விஐபி அறைகளிலிருந்து. ஆட்களைக் கூட்டிவந்து கடன் கொடுத்தவர்கள் 'ஜங்கெட்' முகவர்கள். பெய்ஜிங்கின் ஊழல் ஒழிப்பில் வருவாய் சரிந்தது. 2021 முடிவில் மிகப் பெரிய முகவரே கைதாக, அந்தத் தொழிலே சுருண்டது. கொவிட்டும் சேர்ந்து 2022இல் 42 பில்லியனுக்கு விழுந்து, 2024இல் சுமார் 227 பில்லியனுக்கு மீண்டது. இப்போது அங்கே சாதாரண ஆட்டக்காரர்தான் ஆதாரம். சிங்கப்பூர் முகவர்களைக் கடுமையான உரிமக் கட்டுப்பாட்டில் வைத்தது புத்திசாலித்தனம் என்பேன்.

வரியிலும் இடைவெளி அதிகம். மக்காவில் சூதாட்ட வருவாய்க்கு மொத்தம் சுமார் 40 சதவீதம். இங்கே சாதாரண ஆட்டத்துக்கு 18 முதல் 22; குறைந்தது 100,000 வெள்ளி முன்பணம் வைத்து ஆடும் 'பிரீமியம்' ஆட்டக்காரரிடமிருந்து வரும் வருவாய்க்கு 8 முதல் 12 மட்டுமே. பணக்காரனுக்குத் தள்ளுபடி என்று முணுமுணுக்கலாம். ஆனால் அவனுக்கு மணிலாவும் மக்காவும் விமான தூரம்தான். மரினா பே சேண்ட்ஸின் உரிமையாளரும் மக்காவிலும் கேசினோ நடத்துபவருமான லாஸ் வேகஸ் சேண்ட்ஸ், மரினா பே விரிவாக்கத்துக்கு 8 பில்லியன் அமெரிக்க டாலர் ஒதுக்கியதற்கு இந்த வரியும் ஒரு காரணமாக இருக்கும் என்பது என் ஊகம்.

செந்தோசாவும் சும்மா இல்லை. 6.8 பில்லியன் வெள்ளி விரிவாக்கம் நடக்கிறது. புதிய ஓஷனேரியம் 2025 ஜூலையில் திறந்தது. ஆனால் வழக்கமான மூன்றாண்டு உரிமத்துக்குப் பதில் 2025இலிருந்து அதற்கு இரண்டாண்டு உரிமம்தான். சுற்றுப்பயணிகளை ஈர்த்த விதம் போதவில்லை என்றது மதிப்பீடு. குடும்பத்தோடு போக எனக்கு செந்தோசாதான். பங்கு வாங்கச் சொன்னால், அறைகள் நிரம்புவதைக் கண்ணால் பார்த்த பிறகே. மரினா பேயின் நான்காவது கோபுரமும் 15,000 இருக்கை அரங்கும் 2031இல் திறக்கத் திட்டம். செந்தோசாவுக்குக் கையில் இருக்கும் அவகாசம் அதுவரைதான்.