பதினொரு ஆண்டு சந்தா: ஒரு மலையாள நாளிதழின் சரமப் பக்கம்

கேரளத்தில் நான் இருக்கும் சாலக்குடிக்கு மாற்றலாகி வரும் நண்பர் ஒருவர், எந்த மலையாள நாளிதழுக்குச் சந்தா கட்டலாம் என்று கேட்டிருந்தார். 1887இல் நஸ்ராணி தீபிகையாகத் தொடங்கிய தீபிகையா, அடுத்த ஆண்டு கோட்டயத்தில் நிறுவப்பட்ட மலையாள மனோரமாவா, 1923இல் கோழிக்கோட்டில் பிறந்த மாத்ருபூமியா என்ற பட்டிமன்றத்தை அவருடைய அலுவலகத்தார் நடத்திக்கொள்வார்கள். பதினொரு ஆண்டுகளாக நான் வாங்கும் இதழின் பெயரைச் சொல்லாமல், அதன் சரமப் பக்கத்தைப் பற்றி, அதாவது இறப்புச் செய்திப் பக்கத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

எனக்கு மலையாள எழுத்தைக் கற்றுத் தந்ததே அந்தப் பக்கம்தான். சிறிய படம், ஊர், வீட்டுப்பெயர், வயது, ஆணானால் ‘நிர்யாதனாயி’, பெண்ணானால் ‘நிர்யாதயாயி’ (காலமானார்), பிறகு சம்ஸ்காரமோ (இறுதிச் சடங்கு) கபரடக்கமோ (நல்லடக்கம்) நடக்கும் நேரம், துணைவர், மக்கள், மருமக்கள் என்று எல்லாம் நாள்தோறும் ஒரே வரிசையில் வருவதால், தெரியாத எழுத்தையும் ஊகித்துப் படித்துவிடலாம். பிள்ளைகளின் பெயரை ஒட்டி அடைப்புக்குறிக்குள் நிற்கும் துபாய், குவைத், அயர்லாந்து ஆகியவற்றைப் படிக்கும்போது, முன்பின் அறியாத அந்த வீட்டில் கடைசிக் காலத்தில் எத்தனை பேர் இருந்திருப்பார்கள் என்று எண்ணத் தோன்றும். எங்கள் தேநீர்க் கடையிலும் பெரியவர்கள் தலைப்புச் செய்தியை விட்டுவிட்டு இதைத்தான் முதலில் பிரிக்கிறார்கள்.

ஆத்திரமும் இதே பக்கத்தின் மேல்தான். சாலக்குடி திருச்சூர் மாவட்டம். நெடுஞ்சாலையில் சிறிது நேரத்தில் எட்டிவிடும் அங்கமாலி எறணாகுளம் மாவட்டம். பதிப்பு மாறினால் சரமப் பக்கமும் மாறிவிடும். அங்கமாலியில் வாழ்ந்த சக ஊழியரின் தந்தை மறைந்ததை, ஏழாம் நாள் பூசையும் முடிந்த பிறகுதான் அறிந்தேன். முகவரிடம் கேட்டால், “அது எறணாகுளம் எடிஷன், சாரே” என்று முடித்துவிட்டார். கடல் கடந்த நாட்டின் தேர்தல் முடிவை இரு மாவட்டத்துக்கும் ஒரே எழுத்தில் சொல்லும் இதழ், பக்கத்து ஊர்ச் சாவை மாவட்ட எல்லையில் நிறுத்திவிடுகிறது. கைப்பேசியில் எல்லாப் பதிப்பும் கிடைக்கும் என்பது உண்மைதான். ஆனால் நான் காசு கொடுத்தது காகிதத்துக்கு.

ஆகவே நண்பருக்கு என் பதில், சந்தா கட்ட வேண்டாம், தேநீர்க் கடையில் படித்துக்கொள்ளலாம் என்பதே. நானோ என் சந்தாவைப் புதுப்பித்துவிட்டதோடு, அந்தச் சக ஊழியரிடம் அவர் வீட்டில் படித்து முடித்த எறணாகுளம் பதிப்பையும் மறுநாள் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன்.