பாட்டிலா, கொட்டாங்குச்சியா, பெயின்ட் மூடியா: குருவித் தீனிக்கு எது தேவலை?

வீட்டில் தூக்கிப்போடும் சாமானில் குருவிக்குத் தீனி வைக்கலாம் என்று இறங்கினால், கை முதலில் போவது காலித் தண்ணீர் பாட்டிலுக்குத்தான். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். ஒரு லிட்டர் பாட்டிலில் எதிரெதிரே ஓட்டை போட்டு, பழைய மரக்கரண்டியைக் குறுக்கே செருகி, கம்பும் நொய்யும் கலந்து நிரப்பித் தொங்கவிட்டேன். கரண்டியின் குழி இருக்கும் பக்கத்து ஓட்டையை மட்டும் சற்றுப் பெரிதாக்க வேண்டும். அப்போதுதான் தானியம் குழியில் வந்து விழும்.

பாட்டிலை மெச்சுவதற்கு முக்கியக் காரணம் புறா. சிட்டுக்குருவி 25 கிராம் சுமாருக்குத்தான் இருக்கும். மாடப்புறா 300 கிராம். கரண்டியில் குருவி ஒய்யாரமாக உட்காரும். புறாவோ இரண்டு முறை இறக்கையடித்துப் பார்த்துவிட்டுப் போய்விடும். ஒருமுறை நிரப்பினால் நாலைந்து நாளைக்குக் கவலையில்லை.

வில்லங்கம் அடியில் இருக்கிறது. கரண்டிக்குக் கீழே தங்கும் தானியம் எந்தக் காலத்திலும் வெளியே வராது. ஐப்பசி மழையில் ஓட்டை வழியே சாரல் இறங்கி, என் பாட்டிலின் அடியில் இரண்டு அங்குலத்துக்குக் கம்பு முளைகட்டிக் கிடந்தது. மூடியைத் திறந்தால் புளித்த வாடை. பூஞ்சை பிடித்த தானியம் பறவைக்குக் கெடுதல், எனவே அத்தனையும் குப்பைக்குத்தான் போயிற்று. அப்புறம் கரண்டி மட்டம் வரை கூழாங்கல் போட்டு, காய்ச்சிய ஊசியால் அடியில் நாலைந்து துளையிட்டேன். அதன் பிறகு பரவாயில்லை. ஆனால் வெயிலில் தொங்கும் பாட்டில் நாளடைவில் மொரமொரத்து விரிசல் விடும்.

கொட்டாங்குச்சி விஷயம் வேறு. துருவி முடித்த தேங்காய் மூடிகளில் கண் இருக்கும் மூடியை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று கண்ணில் ஒன்று மெத்தென்று இருக்கும். ஆணியால் குத்தினாலே திறந்துகொள்ளும். தண்ணீர் வடிய அதுவே வழி. (மற்ற மூடிதான் கிடைத்தது என்றால் துளையிடுவதற்குள் உள்ளங்கை கன்றிப்போகும்.) உள்ளே ஒட்டியிருக்கும் தேங்காயைச் சுத்தமாகச் சுரண்டிவிட வேண்டும், இல்லையென்றால் எறும்பு வரிசை கட்டிவிடும். விளிம்பில் மூன்று துளை, மூன்று சணல் கயிறு, அவ்வளவுதான். நைலான் நூல் மட்டும் வேண்டாம். அது பறவையின் காலைச் சுற்றினால் அறுத்துத்தான் எடுக்க வேண்டும்.

சொரசொரப்பான விளிம்பு குருவியின் காலுக்கு நல்ல பிடி. புள்ளிச் சில்லை என்கிற சின்னப் பறவைகளும் வரும். குறை என்றால், ஒரு கைப்பிடிக்கு மேல் கொள்ளாது. காலையில் நிரப்பினால் மதியத்துக்குள் காலி. காக்கை வந்து ஒரு ஓரத்தில் கால் வைத்தால் மொத்தமும் தலைகீழ். அணில் கயிற்றிலேயே இறங்கி வந்து சம்மணம் போடாத குறையாகத் தின்னும். எனக்கு அதில் வருத்தமில்லை, அணிலும் வீட்டு ஆள்தான். ஆனால் தினமும் கொஞ்சமாகப் போடுவதால் எதுவும் தங்கிப் புளிப்பதில்லை. எனக்கு இதுதான் பெரிய விஷயம்.

பெயின்ட் வாளியின் மூடியைத் தட்டாக வைப்பதுதான் இருப்பதிலேயே சுலபம், இருப்பதிலேயே வம்பும் அதுதான். அகலமான தட்டு என்றால் புறாவுக்குக் கல்யாணப் பந்தி. ஒரு வாரத்தில் பத்துப் பன்னிரண்டு வந்தன. கீழ்வீட்டு அக்கா வடாம் காயவைக்கிற இடமெல்லாம் எச்சம். "தம்பி, நீங்க புறாவுக்குத்தானே வெச்சிருக்கீங்க?" என்று அவர் கேட்ட அன்றே தட்டை இறக்கினேன். இப்போது அதில் தண்ணீர் ஊற்றி வைக்கிறேன். கோடையில் தீனியைவிட அதற்குத்தான் கிராக்கி.

ஜூஸ் அட்டைப்பெட்டி பிள்ளைகளின் பள்ளிக்கூட வேலைக்குச் சரி. ஒரு மழைக்குத் தாங்காது.

எதில் வைத்தாலும் உப்புப் போட்ட சாதமும் மிக்சரும் வேண்டாம். கம்பு, தினை, நொய் போதும். வாரம் ஒருமுறை வெந்நீரில் கழுவிக் காயவைக்க வேண்டும். கொட்டாங்குச்சியைக் கழுவ ஒரு நிமிடம் ஆகிறது. பாட்டிலின் கழுத்துக்குள் என் கை நுழைவதில்லை.

புறாத் தொல்லை அதிகம், தினமும் நிரப்ப நேரமில்லை என்பவர்களுக்குப் பாட்டில்தான் தோது, கூழாங்கல்லோடு. நான் பாட்டிலைக் கழற்றிவிட்டேன். பால்கனிக் கம்பியில் மூன்று கொட்டாங்குச்சிகள், ஒன்றுக்கொன்று இரண்டடி தள்ளித் தொங்குகின்றன. ஒன்றைக் காக்கை கவிழ்த்தாலும் மற்ற இரண்டில் மிச்சமிருக்கும்.