சென்சார் மாத்தியாச்சு, லைட்டு மட்டும் போகல

பொங்கலுக்கு மூணு வாரம் லீவு போட்டு டொரன்டோவுல இருந்து கோயம்புத்தூர் போயிருந்தேன். பேங்க் கேஒய்சி, பல் டாக்டர், அம்மாவோட ஆதார்ல போன் நம்பர் மாத்துறதுன்னு வழக்கமான வேலையெல்லாம் நாலு நாள்ல முடிஞ்சுது, சொல்லப்போனா டொரன்டோவ விட கோயம்புத்தூர்ல வேகம். மிச்ச நாள்ல பாதி எங்க பெரியப்பா பையன் காரு பின்னாடியே போயிருச்சு.

அண்ணன் செகண்ட்ஸ்ல ஒரு ஜெர்மன் எலக்ட்ரிக் எஸ்யூவி வாங்கியிருக்காரு, பிராண்டு பேரு வேண்டாம். ரெண்டரை டன் வண்டி, நாலு மூலையிலயும் காயில் ஸ்பிரிங்குக்குப் பதிலா காத்துப் பை. நம்மூர்ல ஓடுற நெக்ஸான் ஈவி மாதிரி வண்டிங்கள்ல இந்த வம்பே கெடையாது, ஸ்பிரிங் ஒடஞ்சா மாத்திட்டுப் போயிட்டே இருக்கலாம். இதுல ஒவ்வொரு சக்கரத்துக்கும் ஒரு ஹைட் சென்சார், வண்டி எவ்ளோ ஒயரத்துல நிக்குதுன்னு அது சொல்ல சொல்ல கம்ப்யூட்டர் காத்த ஏத்தும் எறக்கும். ஹைவேயில வேகம் போனா வண்டிய கொஞ்சம் தாழ்த்தி காத்து எதிர்ப்பக் குறைக்கும், ரேஞ்சு அதுல கொஞ்சம் கூடும்.

நான் போனப்ப வண்டி நாய் கால் தூக்குற மாதிரி முன்பக்க இடது மூலைய மட்டும் தூக்கிட்டு நிக்குது. டேஷ்போர்டுல சஸ்பென்ஷன் லைட்டு. "எதுக்க வர்றவனெல்லாம் டிம் பண்ணு டிம் பண்ணுன்னு லைட் அடிக்கறான்டா, நான் ஹை பீமே போடலடா"ன்னு அண்ணன் பொலம்புறாரு. எனக்கு அங்கயே பொறி தட்டிருச்சு, ஏன்னா ஹெட்லைட்ட மேல கீழ அட்ஜஸ்ட் பண்றதும் இதே சென்சார் சொல்றத வெச்சுத்தான்.

சர்வீஸ் சென்டர்ல ஏற்கனவே ஒரு தடவ அந்த மூலை சென்சார மாத்தி பதினெட்டாயிரம் வாங்கியிருக்காங்க. பத்து நாள்ல திரும்ப லைட்டு. இப்ப பைக்கு காத்து ஊதுற கம்ப்ரஸர் ஓவர் ஹீட்னும் ஒரு எர்ரர் கோடு சேந்து வருதாம், அதனால காத்துப் பை லீக், கம்ப்ரஸரும் போச்சு, ரெண்டும் மாத்தணும், மூணு லட்சத்துக்குப் பக்கம்னு எஸ்டிமேட் குடுத்துட்டாங்க. ஏசி ரூம், காபி, நல்ல சோபா எல்லாம் இருந்துது, ஆனா வண்டிக்கடியில குனிஞ்சு பாத்த ஆளு யாருன்னு கேட்டா அட்வைசருக்குத் தெரியல, ஸ்கேனர்ல வந்தத பிரிண்ட் எடுத்துக் குடுக்கறாரு.

எனக்கு இதுல கொஞ்சம் அனுபவம் உண்டு. டொரன்டோவுல குளிர் காலத்துல ரோட்டுல உப்பு கொட்டுவாங்க, சென்சாருக்கும் சக்கரத்தோட சேந்து ஏறி எறங்குற சஸ்பென்ஷன் ஆர்முக்கும் நடுவுல இருக்கற சின்ன லிங்க் ராடோட பால் ஜாயின்ட் துருப்புடிச்சு இறுகி ஒரு நாள் படக்குனு ஒடையும், என் வண்டியிலயே ஆச்சு. அதனால இங்கயும் ராடுதான்னு நெனச்சேன். தப்பு.

சித்தாபுதூர் பக்கம் ஒரு ஒர்க்‌ஷாப்னு ஃப்ரெண்டு சொன்னான். தகர ஷெட்டு, வாசல்ல டீக்கடை. மெக்கானிக் தம்பிக்கு முப்பது வயசு இருக்கும். மொதல்ல ஸ்கேனர எடுக்கல, இன்ச் டேப்ப எடுத்தாரு. சிமென்ட் தரையில சமமா வண்டிய நிறுத்தி சக்கர நடுவுல இருந்து மட்கார்டு விளிம்பு வரைக்கும் அளந்தாரு, வலது 41.2 சென்டிமீட்டர், இடது 44. அப்பறம் ஸ்கேனர்ல லைவ் டேட்டா பாத்தா இடது பக்கம் 31 மில்லிமீட்டர் தாழ்ந்திருக்குன்னு வருது.

"ஏனுங்ணா, பை லீக்குன்னா வண்டி படுத்துக்கணுமுங்க, இது எந்திரிச்சில்ல நிக்குது. சென்சார் பொய் சொல்லுது, தாழ்ந்திருக்குன்னு நம்பி கம்ப்ரஸர் ஊதி ஊதி சூடாகி நின்னிருக்குதுங்க"ன்னாரு. அவ்ளோதான், மூணு லட்சம் எஸ்டிமேட் அந்த ஒத்த வாக்கியத்துல காலி.

வண்டியத் தூக்கறதுக்கு முன்னாடி மெனுவுல ஜாக் மோடு போட்டாரு, இல்லன்னா தூக்கின நேரத்துல அது பாட்டுக்கு காத்த ஏத்தி எறக்கும், அடியில கை வெச்சிருந்தா நசுங்கிரும். ஸ்டாண்டும் போட்டாரு. ஆரஞ்சு கலர் கேபிள் பக்கமே ஹெல்பர் பையன விடல, அது பேட்டரியோட ஹை வோல்டேஜ் லைன்.

சக்கரத்தக் கழட்டி லிங்க் ராட விடுவிச்சு, சென்சார் கைய வெரலால மெதுவா மேல கீழ ஆட்டுனாரு. ஸ்கேனர்ல நம்பர் எங்கயும் குதிக்காம வழுவழுன்னு ஏறி எறங்குது, ஆனா மொத்தமா கம்மியா காட்டுது. அப்ப சென்சார் நல்லாத்தான் இருக்கு. சென்சார்ல வயர் வந்து சொருகற கப்ளரக் கழட்டி மல்டிமீட்டர் வெச்சா சப்ளை சரியா 5 வோல்ட். நான்னா இங்கயே ஏமாந்திருப்பேன். அவரு கப்ளரத் திரும்ப மாட்டி, பின்பக்கமா ஊசி சொருகி, சென்சார் வேலை செய்யறப்பவே அளந்தாரு, 4.2தான் வருது. சப்ளை கொறஞ்சா சென்சார் சொல்ற ஒயரமும் கொறஞ்சுதான் வரும். லோடு இல்லாதப்ப சப்ளை முழுசா காட்டும், சென்சார் கரண்ட் இழுக்கறப்பதான் கெட்ட காண்டாக்ட்டோட வண்டவாளம் தெரியும்.

கப்ளரப் பிரிச்சு டார்ச் அடிச்சுக் காட்டுனாரு. வயரிங் பக்கம் ரப்பர் சீல் ஒரு ஓரமா மடங்கிக் கெடக்கு, சப்ளை பின்னுல பச்சக் களிம்பு, கோயில் குத்துவெளக்குல பாப்போமே அதே பச்ச. மழைல லங்கா கார்னர் பாலத்துக்கடியில தண்ணிக்குள்ள விட்டீங்களான்னு கேக்க, அண்ணன் என்னைப் பாக்கறாரு, நான் அண்ணனப் பாக்கறேன். அக்டோபர்ல விட்டிருக்காரு.

களிம்பு ஏறுன அந்த பின் முனைய வெட்டிட்டு புது முனைய வயர்ல நசுக்கி கிரிம்ப் பண்ணி, ஸ்லீவ் போட்டு, புது சீல் வெச்சு, கிரீஸ் தடவி, வயர் ஆடாம இருக்க கிளிப்பும் போட்டாரு. இப்ப 4.98. ஆயிரத்தி எறநூறு ரூவா, டீ அவரு செலவு.

ஆனா வேலை அங்க முழுசா முடியலங்கறதயும் சொல்லணும். சர்வீஸ் சென்டர்ல புது சென்சார மாட்டி கேலிபரேஷன் போட்டப்பவே இந்த கெட்ட சப்ளைலதான் போட்டிருக்காங்க, அதனால சரியான ஒயரம் எதுன்னே வண்டிக்குத் தப்பா பதிஞ்சிருக்கு. நாலு மூலையும் அளந்து திரும்பப் பதியணும், இந்த வண்டிக்கு அதுக்குக் கம்பெனியோட ஆன்லைன் லாகின் வேணும், தம்பி கிட்ட இல்ல. திரும்ப அந்த சோபாவுக்கே போனோம். கேலிபரேஷனுக்கு நாலாயிரம். "பை மாத்தலயா சார்"னு அட்வைசர் கேட்டாரு, அண்ணன் சிரிச்சு வெச்சாரு. ஹெட்லைட்டும் அன்னிக்கே சரியாயிருச்சு, அன்னிக்கு நைட்டு பொள்ளாச்சி ரோட்டுல யாரும் லைட் அடிக்கல.

சர்வீஸ் சென்டர்ல மொதல்ல கழட்டுன பழைய சென்சார கேட்டு வாங்கி வந்து தம்பி கிட்ட காட்டுனோம். அஞ்சு வோல்ட் குடுத்து ஆட்டிப் பாத்தாரு, அருமையா வேலை செய்யுது. இப்ப அது டிக்கியில ஸ்டெப்னி பஞ்சர் கிட் பக்கத்துல ஒரு துணியில சுத்தி இருக்கு.