குடத்தின் வயிற்றில் இரண்டு புள்ளிவரிசை: லைட் பாக்ஸுடன் இரண்டரை ஆண்டுகள்

போன வாரம், விற்கும் பொருளை உள்ளே வைத்துப் படமெடுக்கிற எங்கள் வெளிச்சப் பெட்டியான லைட் பாக்ஸின் இரண்டு எல்இடி பட்டைகளில் ஒன்று அணைந்துபோயிற்று. ஆற்றைத் தாண்டி அம்பாசமுத்திரத்திற்குக் கொண்டுபோய், 180 ரூபாய் கொடுத்துப் புதுப் பட்டை போட்டுக்கொண்டு கல்லிடைக்குறிச்சி திரும்பி, செருப்பைக் கழற்றுவதற்குள் வீரவநல்லூர் மதினியிடமிருந்து அழைப்பு வந்தது. தறிக்காரர்களிடம் சேலை வாங்கி இணையத்தில் விற்கலாமென்று அவருக்கு ஒரு யோசனை. "ஏட்டி, நீ படம் எடுக்கியே ஒரு பெட்டி, அத நானும் ஒண்ணு வாங்கிரட்டா?" என்றார். "வாங்காதீங்க மதினி, இப்பதான் ரிப்பேர் பாத்துட்டு வாரேன்" என்று யோசிக்காமலே சொல்லிவிட்டேன். "அவ்வளவு மோசம்னா நீ எதுக்கு ரிப்பேர் பாத்த?" என்று அவர் திருப்பிக் கேட்டதற்கு உடனே பதில் வரவில்லை. அந்தப் பதிலைத்தான் இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

நான் விற்பது மரச் சொப்புச் சாமான். அம்மி, ஆட்டுரல், திருகை, குடம், அடுப்பு என்று ஒரு கைப்பிடிக்குள் அடங்கும் சமையலறை. கடைசல் பட்டறையில் சுழலும் மரத்தின்மேல் அரக்குக் குச்சியை அழுத்தும்போது, உராய்வின் சூட்டில் அரக்கு இளகி நிறமும் மெருகுமாக ஏறிவிடுகிறது. வாங்குகிறவர்களை இழுப்பது அந்த மெருகுதான்; என்னை இரண்டரை ஆண்டுகளாக அழவைப்பதும் அதே மெருகுதான். பெட்டியோ எல்லாருக்கும் தெரிந்த வகை: 40 சென்டிமீட்டர் சதுரம், மடித்தால் கோப்பு அளவு, மேலே இரண்டு பட்டைகள், யுஎஸ்பி வயர்.

முதலில் அதற்குரிய நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். ஆனி, ஆடியில் இங்கே சாரல் பிடித்துவிட்டால் மேற்கு மலையிலிருந்து மேகம் காற்றோடு ஓடிக்கொண்டே இருக்கும். இரண்டு நிமிடம் வெயில், இரண்டு நிமிடம் மூட்டம். அந்த நாட்களில் சன்னலோரம் வைத்து எடுத்தால் ஒரே செட்டிலுள்ள அம்மி பளிச்சென்றும் ஆட்டுரல் மங்கலாகவும் விழுந்து, இரண்டும் வெவ்வேறு வீட்டுப் பொருள்கள்போலத் தோன்றும். பெட்டிக்குள் காலை ஆறு மணிக்கு எடுத்ததும் இரவு பதினோரு மணிக்கு எடுத்ததும் ஒன்றுபோலவே இருக்கின்றன. கொலுவுக்கு முந்தின மாதம் பகலெல்லாம் பொதி கட்டுவதிலேயே போய்விடும். படமெடுக்கும் வேலை இரவில்தான் நடக்கிறது. மின்சாரம் போனால் பவர் பேங்கில் மாட்டிவிட்டு வேலையைத் தொடரலாம். அமேசான் போன்ற தளங்கள் முதற்படத்திற்குக் கேட்கிற தூய வெள்ளைப் பின்னணியும், பொருள் படத்தில் 85 விழுக்காடு நிறைந்திருக்க வேண்டுமென்ற கணக்கும் பெட்டிக்குள் எளிதாக அமைந்துவிடுகின்றன. இதிலெல்லாம் எனக்குக் குறையே இல்லை.

குறை என்னவென்றால், பட்டை என்று சொல்லப்படுவது உண்மையில் வரிசையாக ஒட்டப்பட்ட சின்னச் சின்ன விளக்குகள். மெருகேறிய சிவப்புக் குடத்தை உள்ளே வைத்ததும் அதன் வயிற்றில் இரண்டு வரிசையாக வெள்ளைப் புள்ளிகள் வந்து உட்கார்ந்துகொள்கின்றன; குடத்துக்கு யாரோ ஊசிநூலால் தையல் போட்டதுபோல் இருக்கும். முதல் நாள் அதை அழுக்கென்று நினைத்து முந்தானையால் துடைத்துப் பார்த்தேன். குடத்தைத் திருப்பினால் புள்ளிகள் நகராமல் அங்கேயே நிற்கின்றன, போனைத் தள்ளிவைத்தால் அவையும் கொஞ்சம் தள்ளி நிற்கின்றன, அவ்வளவுதான். தட்டையான பலகையென்றால் சாய்த்து வைத்துத் தப்பித்துவிடலாம். உருண்டைப் பொருளோ தன்னைச் சுற்றியுள்ள எல்லாவற்றையும் வாங்கித் தன் வயிற்றில் காட்டுவது. அதற்கு எந்தக் கோணத்திலும் மறைவு கிடையாது. உற்றுப் பார்த்தால் புள்ளிகளுக்குக் கீழே ஒரு கறுப்பு வட்டமும் தெரியும். அது பெட்டியின் முன்வாசல். அதற்குள் எறும்பளவில் போனைப் பிடித்துக்கொண்டு நான்.

பட்டர் பேப்பர் ஒட்டினால் சரியாகிவிடும் என்று எல்லாரும் சொன்னார்கள். பட்டையின் மேலேயே ஒட்டினேன். புள்ளிகள் கொஞ்சம் ஊதிப்போனதைத் தவிர வேறு மாற்றமில்லை. பல மாதங்கள் கழித்து, தாள் தானாகவே பசை விட்டுத் தொங்கிய ஓர் இரவில்தான் விஷயம் விளங்கிற்று. விளக்குக்கும் தாளுக்கும் இடையில் நாலு விரற்கடை இடைவெளி விழுந்ததும் ஒவ்வொரு புள்ளியின் வெளிச்சமும் பரவி அடுத்ததோடு கலந்து, குடத்தின்மேல் பால் தடவியதுபோல ஒரே கோடாயிற்று. மறுநாள் அப்பாவின் பழைய மல்லு வேட்டியைக் கிழித்து, பெட்டிக்குள் இரண்டு பக்கமும் நூல் கட்டிப் பந்தல்போல விரித்தேன். முன்வாசலுக்கு ஒரு வெள்ளைச் சார்ட் தாளை வெட்டி, கேமரா கண்ணளவுக்கு மட்டும் ஓட்டை போட்டு மறைத்தேன். வெளிச்சம் பாதிக்குமேல் குறைந்துவிட்டது. அதற்கு ஈடாக போன் ஐஎஸ்ஓவை, அதாவது ஒளியுணர்வு அளவை, ஏற்றிப் படத்தில் மணல் தூவ, டிரைபாட் வாங்கி, ஐஎஸ்ஓவைக் குறைத்து, மூன்று விநாடி டைமரில் எடுக்கத் தொடங்கினேன். இப்போது படம் நன்றாகவே வருகிறது. ஆனால் பெட்டிக்குள் நான் கட்டிய பந்தலுக்குப் பிறகு, பெட்டிக்காரன் செய்து கொடுத்த வேலை எது, நான் செய்த வேலை எது என்று ஒவ்வோர் இரவும் மனம் கணக்குப் போடுகிறது.

சிவப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. மலிவான வெள்ளை எல்இடி, நீல விளக்கின்மேல் மஞ்சள் பூச்சு பூசிச் செய்வது. அதில் ஆழ்ந்த சிவப்பு மிகக் குறைவு. அரக்குச் சிவப்பு அதில் செங்கல் நிறமாக விழுகிறது. "படத்துல ஆரஞ்சு, கையில சிவப்பு" என்று ஒருவர் திருப்பி அனுப்பினார்; பொருள் பிடித்துப்போயும் திருப்பி அனுப்பியது அவர் ஒருவர்தான். விளக்குகளின் சிஆர்ஐ, அதாவது நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டுகின்றன என்ற அளவு, 90க்கு மேல் இருக்கிறதா என்று கேட்டு வாங்கியிருக்க வேண்டும். அப்போது எனக்கு அந்தச் சொல்லே தெரியாது.

இத்தனைக்கும் எங்கள் வீட்டு முன்பக்கத் தார்சாவிலேயே ஒரு வெளிச்சம் இருக்கிறது. காலை பத்து மணிக்குமேல் நேர்வெயில் உள்ளே வராது. தெருப்பக்கம் முழுக்கத் திறப்பு. அங்கே பழைய பெஞ்சின்மேல் குடத்தை வைத்தால், அதன் வயிற்றில் ஒரே ஒரு நீண்ட வெளிச்சம், வாழையிலை நறுக்கைப்போல, மேலிருந்து கீழாக இறங்கும். வயிற்றின் வளைவு அதில்தான் தெரிகிறது, சிவப்பும் சிவப்பாகவே நிற்கிறது. நான் எடுத்தவற்றில் மிக நல்ல படங்கள் எல்லாம் அங்கே எடுத்தவை. மேகம் ஓடாத நாளில் எடுத்தவை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

மதினிக்கு நான் சொன்ன பதில் சரிதான். ஐந்தரை மீட்டர் சேலையை மடித்துவைத்தாலும் இந்தப் பெட்டிக்குள் முந்தானை விரியாது. அவர் வீட்டுத் தார்சாவும் எங்களுடையதைவிட அகலம். ஆனால் அந்தக் காரணம் போனை வைத்த பிறகுதான் எனக்குத் தோன்றியது. அப்போது பேசியது எரிச்சல்தான். சொப்பு விற்கிற ஒருவர் கேட்டிருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன் என்று நினைக்கிறேன்.

அந்த எரிச்சலுக்கு அன்றிரவு இன்னொரு காரணமும் கிடைத்தது. புதுப் பட்டையை எரியவிட்டுப் பார்த்தால், பழையது நீலம் பாய்ந்த வெள்ளை, புதியது மஞ்சள். குடத்தின் இடக்கன்னம் பாலாகவும் வலக்கன்னம் நெய்யாகவும் நிற்கிறது. ஒயிட் பேலன்ஸை ஒரு பக்கத்துக்குச் சரிசெய்தால் மறுபக்கம் இன்னும் கெட்டுப்போகிறது. இரண்டு நிற வெளிச்சத்தை ஒரே அளவால் சமன்செய்ய எந்தப் போனாலும் ஆகாது. கடையில் கேட்டால் வெள்ளைப் பட்டை கைவசம் இல்லை என்கிறார்கள். பழைய பட்டையையும் கழற்றிவிட்டு இரண்டும் மஞ்சளாகவே போட்டுத்தரச் சொல்லியிருக்கிறேன். இன்னுமொரு 180 ரூபாய். நாளைக் காலை மறுபடியும் ஆற்றைத் தாண்ட வேண்டும்.