நாலு கிலோமீட்டர் ஆபீஸுக்கு எந்த சைக்கிள்? கடலோரத்திலிருந்து ஒரு நீண்ட கால அனுபவம்

வீட்டிலிருந்து ஆபீஸ் மூன்று, நான்கு, மிஞ்சிப்போனால் ஐந்து கிலோமீட்டர். ரோடு மேடு பள்ளம் இல்லாத சமதளம். கையில் இருப்பது பத்தாயிரத்துக்குள். இந்த மூன்றும் உங்களுக்குப் பொருந்துகிறதென்றால் கியர் வேண்டாம், சஸ்பென்ஷன் வேண்டாம், டிஸ்க் பிரேக்கும் வேண்டாம். நிமிர்ந்து உட்காரும்படியான, குறுக்குக் கம்பி இல்லாத, மட்கார்டும் செயின் கவரும் கேரியரும் கடையிலிருந்தே பொருத்தி வருகிற சாதாரண சிட்டி சைக்கிள் போதும். திருவான்மியூரில் மருந்தீஸ்வரர் கோயில் பக்கத்திலிருந்து தரமணிக்கு அப்படி ஒன்றில்தான் மூன்று வருஷத்துக்கு மேலாகப் போய் வருகிறேன். எந்தக் கம்பெனி என்று சொல்லப் போவதில்லை, ஏனென்றால் இதே அமைப்பு லூதியானாவில் செய்கிற சைக்கிள்களிலும் கிடைக்கும், 1949-இல் சென்னையில் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸின் வரிசையிலும் கிடைக்கும். அமைப்பைப் பார்த்து வாங்குங்கள், ஸ்டிக்கர் அப்புறம்.

கடைக்குள் நுழைந்ததும் எல்லோருக்கும் கண் போவது டயர் தடிமனுக்கும் பெயின்டுக்கும்தான். முதலில் பார்க்க வேண்டியது ஹேண்டில்பார். அது சீட் மட்டத்தைவிட ஒரு நாலு விரற்கடையாவது உயர்ந்து, பிடி இரண்டும் நம்மை நோக்கி வளைந்து இருக்க வேண்டும். அப்படி இருந்தால் முதுகு தானாக நிமிரும், உள்ளங்கையில் பாரம் விழாது, முன்னால் திடீரென்று ஓரங்கட்டும் ஆட்டோவும் தெரியும், தோளைத் திருப்பினால் பின்னால் வரும் பஸ்ஸும் தெரியும். ஆபீஸில் என் பக்கத்து சீட்டில் இருப்பவர் தடித்த டயர் போட்ட மவுண்டன் பைக் வாங்கினார். நேரான ஹேண்டில்பார், குனிந்தே ஓட்ட வேண்டும். மணிக்கட்டு வலி தாங்காமல் கடைசியில் உயரமான ஹேண்டில்பார் வாங்கி மாற்றினார், அதற்காக பிரேக் கேபிள், கியர் கேபிள் எல்லாம் நீளமாக வாங்க வேண்டியிருந்தது.

நிமிர்ந்து உட்காரும்போது உடம்பின் எடையில் பெரும்பங்கு சீட்டில்தான் இறங்கும். அதனால் அகலமான, அடியில் ஸ்பிரிங் வைத்த சீட் தேவை. அகலம் வேறு, மெத்மெத்தென்று இருப்பது வேறு. கட்டைவிரலால் அழுத்தினால் அடிவரை அமுங்குகிற சீட்டில் எலும்பு உள்ளே இறங்கி, பக்கத்துச் சதை நசுங்கி, கொஞ்ச நேரத்தில் மரத்துப் போகும். கொஞ்சம் கெட்டியாக இருக்கிற சீட்டே நல்லது. உயரத்துக்கு ஒரு எளிய வழி இருக்கிறது: சீட்டில் உட்கார்ந்து, பெடல் அடியில் இருக்கும்போது அதன்மேல் குதிகாலை வைத்தால் கால் நேராக நீள வேண்டும். பிறகு பாதத்தின் முன்பகுதியால் மிதிக்கும்போது முட்டி லேசாக மடங்கும், அதுதான் சரியான அளவு. நம் ஊரில் இரண்டு பாதமும் முழுசாகத் தரையில் ஊன்ற வேண்டும் என்று சீட்டை அடிமட்டத்துக்கு இறக்கிவிடுகிறோம், அப்புறம் சைக்கிள் ஓட்டினாலே முட்டி வலிக்கிறது என்கிறோம். சிக்னலில் நிற்கும்போது ஒரு கால் நுனி ஊன்றினால் போதும்.

குறுக்குக் கம்பி இல்லாததை லேடீஸ் சைக்கிள் என்று ஒதுக்கும் ஆண்களுக்கும் இதைச் சொல்கிறேன். ஆபீஸ் போக்குவரத்துக்கு இதைவிட வசதியான சட்டம் கிடையாது. கேரியரில் லேப்டாப் பை, அதன்மேல் சாப்பாட்டுப் பை என்று கட்டிய பிறகு காலைப் பின்பக்கமாகத் தூக்கிப் போட்டு ஏறவே முடியாது. முன்பக்கமாக ஏறி இறங்கும் வசதி இருந்தால் பத்து இடத்தில் நிறுத்தினாலும் சிரமம் இல்லை. சுடிதார், புடவை என்றால் செயின் முழுசாக மூடியிருக்க வேண்டும், பாதி மூடிய கவரை நம்பாதீர்கள். பின் சக்கரத்தின் பக்கவாட்டில் வலை அல்லது தகடு இருந்தால் துப்பட்டா உள்ளே போகாது.

பையை முதுகில் மாட்டாமல் கேரியரில் கட்டுவது சென்னைக்கு ரொம்ப முக்கியம். இந்தப் புழுக்கத்தில் முதுகோடு ஒட்டிய பை ஒரு கிலோமீட்டருக்குள் சட்டையை நனைத்துவிடும். கொக்கி வைத்த எலாஸ்டிக் கயிறு ஒன்று போதும், கொக்கி ஸ்போக்ஸில் மாட்டாதபடி உள்பக்கமாக மாட்டுங்கள்.

சரி, கியர் விஷயம். என் சைக்கிளில் முன்னால் பெடல் பக்கத்துப் பல்சக்கரத்தில் 44 பல், பின்னால் பிரீவீலில், அதாவது பின் சக்கரத்துப் பல்சக்கரத்தில், 18 பல். 26 அங்குலச் சக்கரம் ஒருமுறை சுழன்றால் ஏறத்தாழ 2 மீட்டர் போகும். கணக்குப் போட்டால் பெடல் ஒரு முழுச் சுற்று சுற்றும்போது சைக்கிள் 5 மீட்டர் நகர்கிறது. நிமிஷத்துக்கு 60 சுற்று என்பது மூச்சு வாங்காத மிதி, அதிலேயே மணிக்கு 18 கிலோமீட்டர் வந்துவிடும். ஊருக்குள் அதற்கு மேல் போக ரோடும் இடம் கொடுக்காது. டைடல் பார்க் சிக்னலையும் ராஜீவ் காந்தி சாலையின் மெட்ரோ வேலைத் தடுப்புகளையும் சேர்த்துப் பார்த்தால் 21 கியர் வைத்திருப்பவரும் நானும் ஏறக்குறைய ஒரே நேரத்தில்தான் ஆபீஸ் போய்ச் சேருகிறோம்.

எனக்குக் கஷ்டம் தந்தது காற்றுதான். கோடையில் மதியத்துக்கு மேல் கடல்காற்று எழுந்துவிடும். ஆபீஸ் மேற்கே, வீடு கிழக்கே, ஆகவே சாயங்காலம் திரும்பும்போது காற்று நேராக நெஞ்சில் அடிக்கும். ஏப்ரல், மே மாதங்களில் களைத்துப் போய் வரும்போது அது நன்றாகவே தெரிந்தது. அதற்கும் கியர் சைக்கிள் தேவைப்படவில்லை. பின்னால் 18 பல் பிரீவீலைக் கழற்றிவிட்டு 20 பல் போட்டேன், செயினில் கொஞ்சம் கண்ணி சேர்க்க வேண்டியிருந்தது. இப்போது அதே மிதிக்கு மணிக்கு 16 கிலோமீட்டர்தான் போகும், ஆனால் மிதி அவ்வளவு லேசாகிவிட்டது. சில நூறு ரூபாயில் தீர்ந்த வேலை. கியர் இல்லாமல் எப்படி என்று தயங்குகிறவர்கள் இதை முதலில் செய்து பாருங்கள். தினமும் பெரிய மேம்பாலம் ஏற வேண்டியவர்களும் மலையடிவார ஊர்க்காரர்களும் கியர் வாங்குவதுதான் நியாயம், அவர்களை நான் தடுக்கவில்லை.

முன் சஸ்பென்ஷனைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இந்த விலையில் வருவது கம்பிச் சுருள் வைத்த கனமான ஃபோர்க் (முன் சக்கரத்தைப் பிடிக்கும் கவை), சாதாரண ஃபோர்க்கைவிட ஒரு கிலோவுக்கு மேல் எடை கூடும். எழுந்து நின்று மிதித்தால் பலத்தில் ஒரு பங்கு அந்தச் சுருளை அமுக்குவதிலேயே போய்விடும். கடலோரத்தில் உள்ளே துருப்பிடித்து இறுகிக்கொள்ளும். குலுக்கலைக் குறைப்பது டயர்தான். 1.75 அங்குல அகலமுள்ள, முள் முள்ளாக இல்லாத டயரில் அளவான காற்று இருந்தால் ஸ்பீட் பிரேக்கர்கூட உடம்புக்குத் தெரியாது. டயர் பக்கவாட்டிலேயே எவ்வளவிலிருந்து எவ்வளவு வரை காற்று என்று அச்சிட்டிருப்பார்கள். முன் சக்கரத்துக்கு அதில் கீழ்ப்பக்கமாகவும், எடை தாங்குகிற பின் சக்கரத்துக்கு மேல்பக்கமாகவும் வைத்துக்கொள்ளுங்கள். பத்து நாளுக்கொரு தடவை காற்று அடித்தால் பஞ்சர் குறையும், ரப்பர் ரிம்மில் இடித்து வருகிற இரட்டை ஓட்டை பஞ்சர் பெரும்பாலும் வராது. வாங்கும்போது வால்வையும் கவனியுங்கள். பழைய மாதிரி வால்வு டியூப் போட்டதென்றால் அந்தச் சின்ன ரப்பர் குழாய் வெயிலில் இற்றுப்போய், ராத்திரி முழுக்கக் காற்று இறங்கி, காலையில் டயர் தட்டையாகக் கிடக்கும். பஞ்சர் என்று நினைத்துக் கழற்றுவதற்கு முன் அதை மாற்றிப் பாருங்கள். டூவீலருக்கு வருகிற மாதிரி வால்வு இருந்தால் பெட்ரோல் பங்கிலேயே அடித்துக்கொள்ளலாம்.

இனி கடலோரக்காரர்கள் கவனமாகப் படிக்க வேண்டியது. உப்புக்காற்று சைக்கிளைத் தின்றுவிடும். ஃப்ரேமைப் பெரும்பாலும் பெயின்ட் காப்பாற்றிவிடும். துரு முதலில் பிடிப்பது பெல், பிரேக் நட்டு, சீட் ஸ்பிரிங், செயின், எல்லாவற்றுக்கும் மேலாக ஸ்போக்ஸ் நிப்பிள். ரிம்மில் ஸ்போக்ஸ் நுழையும் இடத்தில் இருக்கும் அந்தக் குட்டி நட்டைத் திருகித்தான் சக்கரத்துக்குக் கோட்டம் எடுப்பார்கள். அது துருவேறி இறுகினால், சாவி போட்டுத் திருகும்போது நிப்பிள் அசையாது, ஸ்போக்ஸ்தான் முறுக்கிக்கொண்டு வரும், இன்னும் கொஞ்சம் திருகினால் டக்கென்று உடையும். இரண்டாவது வருஷம் என் பின் சக்கரத்தில் இப்படி வரிசையாக உடையவே, மொத்த ஸ்போக்ஸையும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் மாற்றிக் கட்டச் சொன்னேன். அதற்கப்புறம் ஒரு தொல்லையும் இல்லை. புது சைக்கிள் வாங்கிய வாரமே ஒவ்வொரு நிப்பிளிலும் ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள், மாதம் ஒருமுறை விட்டால் இன்னும் நல்லது. ரப்பர் கட்டை ரிம்மைப் பிடித்து நிறுத்துகிற ரிம் பிரேக் வைத்த சைக்கிளென்றால், கட்டை உரசும் பட்டையில் எண்ணெய் படாமல் துணியால் துடைத்துவிடுங்கள், பட்டால் பிரேக் பிடிக்காது.

செயினுக்குத் தேங்காய் எண்ணெய் விடுகிற பழக்கம் இன்னும் இருக்கிறது, வேண்டாம், நாளடைவில் மண்ணைப் பிடித்துக்கொள்ளும். தையல் மெஷின் எண்ணெய் வெயில் காலத்துக்குச் சரி, மழை வந்தால் கழுவிக்கொண்டு போய்விடும். நான் மண்ணெண்ணெய்க்குப் பதில் டீசல் நனைத்த துணியால் செயினைத் துடைத்துவிட்டு, இன்ஜின் ஆயிலைக் கண்ணிக்கு ஒரு சொட்டு வீதம் விட்டு, வெளியே இருக்கும் ஈரத்தைச் சுத்தமாக ஒற்றி எடுத்துவிடுவேன். எண்ணெய் உள்ளே இருந்தால் போதும்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை. மட்கார்டு எதற்கென்று அப்போதுதான் புரியும், அது இல்லாத சைக்கிள்காரர்கள் முதுகில் நீளமாகச் சேற்றுக் கோடு போட்டுக்கொண்டு ஆபீஸுக்கு வருவார்கள். முன் மட்கார்டு நீளமாக, தரைக்குப் பக்கத்தில் வரை இறங்க வேண்டும், இல்லாவிட்டால் செருப்பும் காலும் நனையும். சக்கர அச்சு முங்கும் அளவு தண்ணீரில் போனால் சக்கரத்தின் நடுவில் இருக்கும் ஹப்பிலும் பெடல் அச்சிலும் உள்ள கிரீஸ் போய்விடும். தண்ணீர் வடிந்ததும் உள்ளே உருளும் பால்ஸ் என்கிற இரும்புக் குண்டுகளைக் கழற்றித் துடைத்துப் புது கிரீஸ் வைக்க வேண்டும், தள்ளிப்போட்டால் கரகரவென்று சத்தம் வரும், அப்புறம் அந்தக் குண்டுகள் உட்காரும் கப்பையே மாற்ற வேண்டியதாகிவிடும். எங்கே பள்ளம், எங்கே திறந்த மழைநீர் வடிகால் என்று தெரியாத தெருவில் இறங்கித் தள்ளிக்கொண்டு போவதுதான் உயிருக்கு நல்லது.

பிரேக்குக்கு அலுமினியம் ரிம்மும், இரண்டு பக்கமும் கை போல நின்று ரிம்மைக் கவ்வுகிற வி-பிரேக்கும் போதும். குரோம் பூசிய இரும்பு ரிம் மழையில் பயமுறுத்தும், கட்டை வழுக்கிக்கொண்டே போகும். கேபிள் டிஸ்க் நன்றாகத்தான் பிடிக்கும், ஆனால் நெரிசலான ஸ்டாண்டில் பக்கத்து வண்டி இடித்து டிஸ்க் தகடு ஒரு இழை வளைந்தால் ஒவ்வொரு சுற்றுக்கும் உரசும். வி-பிரேக் கட்டையைத் தெருமுனைக் கடைக்காரர் ஐந்து நிமிஷத்தில் மாற்றிவிடுவார். இதுதான் நான் கடைசி வரை வலியுறுத்துவது: எதை வாங்கினாலும், உங்கள் வீட்டுப் பக்கத்துச் சைக்கிள் கடையில் அதற்குச் சாமான் கிடைக்குமா என்று முதலில் அவரிடமே போய்க் கேளுங்கள்.

விலை எட்டாயிரத்தை ஒட்டி வந்தது. பூட்டு, முன்னும் பின்னும் விளக்கு, நல்ல பெல் என்று இன்னும் ஆயிரத்து ஐந்நூறு. பிடிக்காதவையும் உண்டு: கூட வந்த பிளாஸ்டிக் பெடல் ஒரு வருஷத்துக்குள் உடைந்தது, சைடு ஸ்டாண்டில் பாரத்தோடு நிறுத்தினால் சாய்கிறது, அதனால் டபுள் ஸ்டாண்ட் போட்டேன். சீட் உயரம் மாற்றக் கையால் திருகும் லீவர் கொடுத்திருந்தார்கள், ஸ்டேஷன் ஸ்டாண்டில் சீட் திருடுபோக அது ஒன்றே போதும் என்பதால் நட்டு போல்ட்டாக மாற்றிவிட்டேன். பூட்டுச் சங்கிலியை ஃப்ரேமையும் பின் சக்கரத்தையும் சேர்த்துப் போடுங்கள்.

உயரமானவர்களுக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. இந்த வகை சைக்கிள் பெரும்பாலும் ஒரே அளவில்தான் வருகிறது, எனக்கு ஐந்தடி மூன்று அங்குலம், கச்சிதமாகப் பொருந்தியது. ஐந்தடி எட்டுக்கு மேல் இருப்பவர்கள் கடையிலேயே சீட்டைத் தூக்கிப் பாருங்கள். சீட் தண்டில் ஒரு கோடு போட்டிருக்கும், அந்தக் கோடு வெளியே தெரிகிற அளவுக்குத் தூக்கினால்தான் கால் நீள்கிறதென்றால் அந்த சைக்கிள் வேண்டாம், 700சி என்கிற, 26 அங்குலத்தைவிடப் பெரிய சக்கரம் போட்ட பெரிய ஃப்ரேமைப் பாருங்கள்.