விலை இறங்கிய க்ளூ கன்னை வாங்கலாமா?

பட்டு நூல் வளையல், ஜிமிக்கி செய்ய ஆரம்பித்திருக்கும் தோழி ஒருத்தி, 20 வாட் க்ளூ கன் விலை இறங்கியிருக்கிறதே, வாங்கிவிடட்டுமா என்று கேட்டாள். அதே ரகத்தைப் பல வருஷமாக வைத்திருக்கிறேன். அவளுக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

7 மில்லிமீட்டர் பசைக் குச்சியைப் போட்டு, உருக்கி ஒட்டுகிற சின்ன கன். சுவிட்ச் கிடையாது, ப்ளக்கைச் செருகினால் சூடாகும். இதெல்லாம் தெரிந்த விஷயம். என் கோபம் எல்லாம் அது நூல் இழுப்பதில்தான்.

ஜிமிக்கி மேல் ஒரு குந்தன் கல்லை ஒட்டிவிட்டு கன்னைத் தூக்கினால், பசை நூலாம்படை மாதிரி நீண்டுகொண்டே வரும். அது போய்ப் படிவது நாம் பொறுமையாக, இடைவெளி தெரியாமல் சுற்றிய பட்டு நூலின் மேல். அரக்கு நிறத்தில் சுற்றியிருந்தால் ட்யூப் லைட் வெளிச்சத்தில் பளிச்சென்று காட்டிக்கொடுக்கும். கையால் பிடித்து இழுத்தால் பட்டு இழையும் சேர்ந்து எழும்பிவிடும். ஓர் இழை எழும்பினால் போதும், அந்த இடத்தில் மினுமினுப்பு போய்விடும். செய்த வேலை அத்தனையும் நன்றாக இருந்து, கடைசி ஃபினிஷிங்கில் இப்படி ஆகும்போது வருகிற எரிச்சல் இருக்கிறதே!

ட்ரிகரை விட்ட பிறகும், உள்ளே உருகி நிற்கும் பசை கொஞ்ச நேரம் கசிந்துகொண்டுதான் இருக்கும். அதனால் தேவைக்குச் சற்று முன்பே ட்ரிகரை விட்டுவிட்டு, நுனியை அதே இடத்தில் ஒரு சின்ன வட்டம் சுழற்றித் தூக்க வேண்டும். மீறி விழுந்த இழைகளுக்கு ஹேர் டிரையரைக் குறைந்த சூட்டில், தள்ளிப் பிடித்துக் காட்டினால் சுருண்டுவிடும். ட்வீசரால் எடுத்துவிடலாம். கிட்டே கொண்டுபோனால் கல்லுக்கு அடியில் இருக்கும் பசையும் இளகும், கல் நகர்ந்துவிடும்.

வெயில் இன்னொரு தொல்லை. சூட்டில் இளகுவதுதான் இந்தப் பசையின் குணமே. சித்திரை வெயிலில் பூட்டி நிறுத்திய காரின் டேஷ்போர்டில் நகையை விட்டுவைத்தால் கல் தளர்ந்துவிடும். காசு கொடுத்து வாங்கியவர்களிடம் "காரில் வைக்காதீர்கள்" என்று சொல்லிக் கொடுக்க முடியுமா?

சரி, நியாயத்தையும் சொல்ல வேண்டும். பேப்ரிக் க்ளூ காய நேரம் எடுக்கும், அதற்குள் ஜிமிக்கியின் வளைவில் கல் வழுக்கி இறங்கும். உடனே ஒட்டுகிற சூப்பர் க்ளூ பட்டு நூலை விறைக்க வைத்து, கல்லைச் சுற்றி வெள்ளையாகப் பூத்துவிடும். க்ளூ கன்னில் இரண்டு தொல்லையும் இல்லை, ஒரு நிமிஷத்துக்குள் பிடித்துக்கொள்ளும்.

ஆனால் இதன் உண்மையான அருமை எனக்குத் தெரிந்தது ஆரத்தித் தட்டிலும் சீர் தட்டிலும்தான். எவர்சில்வர் தட்டில் பூ, லேஸ், முத்துச் சரம் என்று மளமளவென்று ஒட்டிக்கொண்டே போகலாம். கல்யாணம் முடிந்ததும் காது குடையும் பட்ஸில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டு ஓரத்தில் தடவினால், சற்று நேரத்தில் பசை மொத்தமாகக் கழன்று வரும். தட்டில் கறையே இருக்காது. அதே தட்டு அடுத்த விசேஷத்துக்குத் தயார். இதில் எனக்கு இன்றைக்கும் அலுக்காத சந்தோஷம்.

பசை கையில் பட்டால் பிய்த்து எடுக்காதீர்கள், தோலும் வந்துவிடும். உடனே குழாய்த் தண்ணீரில் காட்டுங்கள். வேலை செய்யும்போது கன்னுக்கு அடியில் ஒரு பழைய டைல்ஸ் துண்டு இருக்கட்டும், கம்பி ஸ்டாண்டை நம்ப முடியாது.

என் தோழிக்கு என் பதில்: வாங்காதே. வளையலுக்கும் ஜிமிக்கிக்கும் ஊசி மூக்கு பாட்டிலில் பேப்ரிக் க்ளூ போதும். கல் வழுக்காமல் இருக்க ஜிமிக்கியைச் சாய்த்து வைத்து, ஒரு பக்கம் காய்ந்ததும் மறுபக்கம் ஒட்டு. போன மாதம் ட்ரிகர் உடைந்தபோது நான் அன்றைக்கே இதே ரகத்தில் இன்னொன்று வாங்கினேன் என்பது வேறு விஷயம். கையில் தட்டு ஆர்டர் இருந்தது, வாங்கினேன். உனக்கும் தட்டு ஆர்டர் வந்தால் என்னுடையதை எடுத்துக்கொண்டு போ, குச்சி மட்டும் நீ வாங்கிக்கொள்.